அத்தியாயம் 7: ஆலையை விட்டு வந்தவரின் நேர்காணல்

முகத்துவாரக்குப்பத்து ஆள் ஒருவரை இந்த அத்தியாயம் முழுக்கக் கூடவே அழைத்துப் போவோம். கற்பனை ஆள்தான். ஆனால் விம்கோ நகரிலிருந்து தெற்கே போகும் காலை மெட்ரோவில் இவரைப் போல நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் விழும் இடத்தில் அப்பாவுக்குப் படகு. மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, பிறகு பகுதிநேரத்தில் பி.இ. மணலியில் ஓர் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக நுழைந்தவர், 19 ஆண்டில் ஆட்டோமேஷன் பிரிவுக்கே பொறுப்பாளர். கீழே 60 பேர். வயது 44. இப்போது ஓ.எம்.ஆரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அடுத்த வியாழன் முதல் ரவுண்டு.

அவருக்கு ஒரே பயம்: "எனக்குக் கோடிங் வராதே, பாதியிலேயே எழுப்பி அனுப்பிடுவாங்களோ?"

இந்த உயரத்தில் உள்ள பதவிக்கு உங்களைக் கோடு எழுதச் சொல்வது அபூர்வம். ஆலையிலிருந்து வருபவர் சறுக்கும் இடங்கள் வேறு. ஒருவர் 19 ஆண்டு அனுபவத்தைக் கூச்சத்தோடு ஒளித்துவைத்துவிட்டு, யூடியூப்பில் பொறுக்கிய ஐ.டி. வார்த்தைகளை இரவல் பேசுவார். இன்னொருவர், ஆலையில் சரியாக இருந்ததெல்லாம் மென்பொருளிலும் சரி என்று அடித்துப் பேசுவார். பேனல் இருவரையும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். ஆலையில் எடுத்த முடிவுகளை அப்படியே மேசைமேல் வைப்பதும், அவற்றில் எது புது இடத்துக்குப் பொருந்தாது என்று நீங்களே முந்திச் சொல்வதும்தான் இந்த அத்தியாயத்தின் பாடம்.

எந்தக் கதவைத் தட்டுவது

பதவிப் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்களுக்கு மூன்று கதவுகள் உண்டு.

முதல் கதவு, உற்பத்தி, துறைமுகம், மின்சாரம் போன்ற தொழில்களுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் அல்லது தகவல் தொழில்நுட்பத் தலைமை. இங்கே உங்களை யாரும் அந்நியராகப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது, ஜி.சி.சி. எனப்படும் உலகளாவிய திறன் மையங்கள். ஷெல், மெர்ஸ்க், கேட்டர்பில்லர், ஃபோர்டு, ஹிட்டாச்சி எனர்ஜி எல்லாவற்றுக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. இவர்கள் எழுதும் மென்பொருள் கடைசியில் போய் உட்காருவது எண்ணெய்க் குழாயிலோ கப்பலிலோ டர்பைனிலோதான். தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில், புதிதாக வரும் ஜி.சி.சி.களில் மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் உள்ள வேலைகளுக்கு முதல் ஆண்டு 30, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம் என்று ஊதிய மானியம் அறிவித்தது. ஆள் எண்ணிக்கையைக் கூட்டும் வழக்கமான வேலைகளைவிட மேல்மட்டப் பதவிகளை இங்கே இழுப்பதுதான் நோக்கம். நம் ஆள் தட்டியிருப்பது இந்தக் கதவை.

மூன்றாவது, முழு மென்பொருள் நிறுவனம். ஆலையிலிருந்து நேரே இங்கே தலைமைப் பதவிக்குத் தாவுவது கடினம். ஒரு படி இறங்கி ஏறத் தயாரென்றால் மட்டும் முயலுங்கள்.

மதிப்பெண் எப்படி விழுகிறது

தலைமைப் பதவிக்கு ஐந்து, ஆறு ரவுண்டு சாதாரணம்: கன்சல்டன்ட், எச்.ஆர்., நேரடி மேலாளர், தொழில்நுட்ப ஆழம், சக தலைவர்கள், கடைசியில் வணிகத் தலைவர். பல நிறுவனங்களில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேட்பார்கள். எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் அளவு. இதைக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்பார்கள். பால் சாக்கெட் குழுவினர் 2022இல் வெளியிட்ட மறு ஆய்வில், பின்னாளில் ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்று முன்கூட்டிக் கணிப்பதில் மற்ற தேர்வு முறைகளைவிட இதுவே முன்னே நின்றது. அமேசான் தன் 16 தலைமைக் கொள்கைகளை வைத்து இப்படித்தான் கேட்கிறது: "ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்…"

இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. கலகலப்பாகப் பேசுகிறவருக்கு மதிப்பெண் தானாக விழுவதில்லை. எழுதிக்கொள்ளத்தக்க பதிலுக்கு விழுகிறது. சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்று நான்கு துண்டாகப் பதில் சொன்னால் எதிரே இருப்பவரின் பேனா ஓடும். சுற்றி வளைத்தால் பேனா நின்றுவிடும். பேச்சு நடக்கும்போது அந்தப் பேனாவைப் பாருங்கள்.

"ஏன் இப்போது?"

இந்தக் கேள்வி வந்தே தீரும். ஒன்றரை நிமிடத்தில் முடிக்கும்படி பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லக் கூடாதது: "ஆலையில் வளர்ச்சி இல்லை. ஐ.டி.யில் எதிர்காலம் இருக்கிறது." பழைய வீட்டைக் குறை சொல்லிக்கொண்டு புது வீட்டுக்குள் நுழைபவரை யாருக்கும் பிடிக்காது.

சொல்லக்கூடியது: "பத்து வருஷமாக ஆலையில் நான் தீர்த்த பிரச்சினைகளில் பாதிக்கு மேல் கருவியில் இல்லை, தரவில் இருந்தன. கன்ட்ரோல் ரூமில் இருந்த எண் மேலாளர் மேசைக்கு வர இரண்டு நாள் ஆனது. அந்த இடைவெளியை அடைக்கும் மென்பொருளை வாங்கி வந்தோம், மாற்றினோம், சில நேரம் தூக்கியும் போட்டோம். இப்போது அதை உருவாக்கும் பக்கத்தில் நிற்க விரும்புகிறேன்."

இந்தப் பாதை புதிதல்ல. இந்திய மென்பொருள் துறையின் தந்தை என்று அழைக்கப்படும் எஃப்.சி. கோலி அடிப்படையில் மின்பொறியாளர். 1951 முதல் டாடா மின் நிறுவனத்தில் இருந்தவர். மின்கட்டமைப்பை இயக்கக் கணினியைக் கொண்டுவந்த அனுபவத்தோடு 1969இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் பொறுப்புக்கு வந்தார். அங்கே அவர் கணினியை எடுத்தது ஒரு மின்கட்டமைப்புப் பிரச்சினையின் விடையாகத்தான். உங்கள் கதையும் அப்படியே இருக்கட்டும். நேர்காணலில் கோலி பெயரை மட்டும் இழுக்காதீர்கள். தன்னை அவரோடு ஒப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு கதையை உருக்கி எடுப்பது

மொத்தம் ஆறு கதைகள் போதும்: ஒரு வெற்றி, ஒரு தோல்வி, மேலதிகாரியோடு ஒரு மோதல், ஒருவரை வேலையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது, பணத்தைக் குறைத்தது, எதுவும் தெரியாத நிலையில் முடிவெடுத்தது. கேள்வி எப்படித் திரும்பினாலும் இந்த ஆறில் ஒன்று உதவும்.

நம் ஆளின் வெற்றிக் கதை அலாரம். முதல் தடவை அவர் சொன்னது இப்படி:

"டி.சி.எஸ். அப்கிரேடு பண்ணினோம். அலாரம் ரேஷனலைசேஷன் பண்ணினோம். டீம் நல்லா ஒத்துழைச்சாங்க."

மூன்று வாக்கியத்தில் அவர் எங்கேயும் இல்லை. கூடவே இன்னொரு விபத்து: டி.சி.எஸ். என்றால் ஆலையில் கட்டுப்பாட்டு அமைப்பு, ஓ.எம்.ஆரில் அது ஒரு கம்பெனி! ஆலையில் "நாங்கள்" என்று சொல்வது மரியாதை. நேர்காணலில் "நாங்கள்" மட்டும் சொன்னால் பேனல் தாளில் எழுத ஒன்றுமில்லை. டீமுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுங்கள். முடிவு உங்களுடையது என்றால் "நான்" என்று சொல்லுங்கள்.

திருத்திய பிறகு:

"கன்ட்ரோல் ரூமில் ஒரு ஷிஃப்டுக்கு 900 அலாரம் அடித்தது. ஆபரேட்டர்கள் பார்க்காமலே பட்டனைத் தட்டி அமைதியாக்கினார்கள். குற்றம் அவர்கள்மேல் இல்லை என்று நான் முடிவெடுத்தேன். புது கட்டுப்பாட்டு அமைப்பு வாங்கலாம் என்று வெண்டர் சொன்னார். நான் அதைத் தள்ளிவைத்தேன். மூத்த ஆபரேட்டர்கள் நான்கு பேரை மூன்று மாதம் ஷிஃப்டிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு அலாரத்துக்கும் 'இது அடித்தால் யார் என்ன செய்ய வேண்டும்?' என்று எழுதச் சொன்னேன். பதில் இல்லாத அலாரங்களை எடுத்தோம். ஷிஃப்டுக்கு 110க்கு வந்தது. ஒன்றில் தப்பு பண்ணினேன்: ஒரு பம்பின் அதிர்வு அலாரத்தையும் சேர்த்து எடுத்துவிட்டோம், பேரிங் போனது. அதன் பிறகு, அலாரம் எடுக்க மெக்கானிக்கல் பிரிவின் கையெழுத்தும் வேண்டும் என்று மாற்றினேன்."

ஆலை அலாரங்களுக்கு ஐ.எஸ்.ஏ. 18.2 என்ற தரமே இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பது ஓர் ஆபரேட்டர் தாங்கக்கூடிய அளவு என்பது துறையில் பரவலான கணக்கு. எட்டு மணி ஷிஃப்டுக்கு 48. ஆகவே 110 இன்னும் அதிகம்தான். அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்பவர் மென்பொருள்காரராக இருந்தால் தலையாட்டுவார், ஏனென்றால் அவர் டீமில் இரவு பணியில் இருப்பவரின் போனும் இதே மாதிரி அலறிக்கொண்டிருக்கும். அவர் மொழியில் அதற்குப் பெயர் அலர்ட் சோர்வு. ஆலைக் கதைக்கும் அவர் வேலைக்கும் பாலம் அங்கேயே விழுந்துவிடும். நீங்கள் இழுத்துக் கட்ட வேண்டியதில்லை.

ஆலைப் பழக்கம் உதவாத இடம்

பல விஷயங்கள் நேராகப் பொருந்தும். வொர்க் பெர்மிட் என்பது மாற்றத்துக்கான ஒப்புதல். ஹேசாப் என்பது எங்கே எது தவறலாம் என்று முன்கூட்டி உட்கார்ந்து யோசிப்பது. ஷிஃப்ட் மாறும்போது எழுதும் லாக் புத்தகம்தான், மென்பொருளில் இரவு பணி கைமாறும்போது எழுதும் குறிப்பு. ஷட்டவுன் திட்டமிடத் தெரிந்தவருக்குச் செர்வர்களைக் க்ளவுடுக்கு மாற்றும் திட்டம் பழகிய வேலை.

ஒரே ஒரு இடத்தில் வழுக்கும். தொழில்நுட்ப ரவுண்டில் இப்படிக் கேட்பார்கள்:

"உங்கள் டீம் எவ்வளவு அடிக்கடி ரிலீஸ் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

ஆலையிலிருந்து வந்தவர் வாயில் இயல்பாக வருவது: "பாதுகாப்பு முக்கியம். அதனால் மாதம் ஒரு தடவை, முழுதாகச் சோதித்து…" அத்தோடு முடிந்தது.

ஓடும் ஆலையில் மாற்றம் என்றால் ஆபத்து. தவறு நடந்தால் திரும்ப எடுக்க முடியாது. வெடித்த கலனுக்கு 'அன்டூ' கிடையாது. ஆகவே மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஷட்டவுனில் செய்வது சரி. மென்பொருளில் கணக்கு தலைகீழ். மாற்றங்களைச் சேர்த்து மாதம் ஒரு தடவை விட்டால், உடையும்போது எது உடைத்தது என்று தேடவே ஒரு நாள் போகும். தினமும் சின்னச் சின்னதாக விட்டால் உடைந்ததை ஐந்து நிமிடத்தில் பின்வாங்கலாம். டோரா என்ற ஆய்வுக் குழு நான்கு அளவுகளால் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது: எவ்வளவு அடிக்கடி வெளியிடுகிறார்கள், எழுதிய கோடு பயனரை அடைய எவ்வளவு நேரம், எத்தனை வெளியீடு தவறுகிறது, தவறினால் மீள எவ்வளவு நேரம். 2018இல் வந்த 'ஆக்சிலரேட்' நூலில் அந்த முடிவுகள் இருக்கின்றன. வேகமாக வெளியிடும் டீம்களே நிலைத்தன்மையிலும் முன்னால் இருந்தன.

ஆகவே நல்ல பதில் இப்படி இருக்கும்: "ஆலையில் மாற்றத்தைக் குறைப்பது எங்கள் பாதுகாப்பு. இங்கே மாற்றத்தைச் சின்னதாக்குவது பாதுகாப்பு என்று புரிந்துகொண்டேன். ஆனால் உங்கள் மென்பொருள் ஒரு வால்வைத் திறக்கிற இடம் வரை போனால், அந்தக் கடைசி முனைக்கு மட்டும் ஆலை விதி திரும்ப வர வேண்டும். அந்த எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதைத்தான் முதல் மாதத்தில் பார்ப்பேன்."

இந்தப் பதிலை ஆலை வாழ்க்கை மட்டும் வாழ்ந்தவராலும் சொல்ல முடியாது, மென்பொருள் மட்டும் தெரிந்தவராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு அவர்கள் சம்பளம் தரப்போவது இந்தக் கோட்டைப் போடத் தெரிந்ததற்காகத்தான். வாயால் சொன்னால் போதாது. ஒரு சின்னச் செயலியை நீங்களே க்ளவுடில் ஏற்றி, வேண்டுமென்றே உடைத்து, பின்வாங்கிப் பாருங்கள். ஒரு வார இறுதி போதும்.

கேஸ் ரவுண்டு: துறைமுகம் நின்றுபோன நாள்

சில பேனல்கள் ஒரு சம்பவத்தைக் கொடுத்து "நீங்கள் இருந்தால்?" என்பார்கள். நம் பகுதிக்காரர்கள் பழகிப்பார்க்க மிகப் பொருத்தமானது மெர்ஸ்க் கதை.

2017 ஜூன் 27. உக்ரைனில் ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற தீநிரல், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகம் முழுக்க முடக்கியது. மும்பைக்குப் பக்கத்தில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமத்தைச் சேர்ந்த முனையமும் தப்பவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, துறைமுக வாசலில் சிஸ்டம் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டாம். மெர்ஸ்கில் சுமார் பத்து நாளில் 4,000 செர்வர்களையும் 45,000 கணினிகளையும் 2,500 செயலிகளையும் திரும்ப நிறுவினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே சொன்னது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற விவரம் வைத்திருந்த செர்வர்கள் எல்லாம் அழிந்த நிலையில், கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதலின்போது அங்கே கரன்ட் இல்லை!

கேள்வி: "முதல் 24 மணி நேரம் என்ன செய்வீர்கள்?"

பலரும் உடனே பேக்கப்புக்குப் போவார்கள். பதிலை இந்த வரிசையில் அடுக்குங்கள்:

1. பரவலைத் துண்டிப்பேன். வணிகம் நின்றாலும் பரவாயில்லை என்ற முடிவை யார் எடுக்கலாம் என்பதை முன்னமே எழுதிவைத்திருப்பேன்.
2. காகிதத்தில் என்ன ஓட்டலாம் என்று பார்ப்பேன். கிரேன் ஓடும், எந்தப் பெட்டி எங்கே என்ற பட்டியல்தான் இல்லை.
3. சட்டப்படி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வேன். இந்தியாவில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.
4. வாடிக்கையாளருக்கு மணிக்கு ஒரு தடவை, தெரிந்ததை மட்டும் சொல்வேன்.
5. பிறகுதான் மீட்பு. எது முதலில் என்பதை வணிகத் தலைவரோடு உட்கார்ந்து முடிவு செய்வேன்.

பெரிய ஷட்டவுன் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவருக்கு இந்த வரிசை ரத்தத்தில் இருக்கும். கடைசியில் கேட்பார்கள்: "கானா செர்வரிலிருந்து என்ன கற்றீர்கள்?" அதிர்ஷ்டத்தைத் திட்டமாக மாற்ற வேண்டும்; இணைப்பே இல்லாத ஒரு பிரதி எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

"யாருக்கு முதலில் தெரியும்?"

வணிகத் தலைவரின் ரவுண்டில் வரும் கேள்வி: "உங்கள் ஸ்டேக்ஹோல்டர்கள் யார்?" ரெஸ்யூமேயில் இருப்பது போல போர்டு, வாடிக்கையாளர், ஊழியர் என்று ஒப்பிக்காதீர்கள். மதிலுக்கு வெளியே இருப்பவரிலிருந்து தொடங்குங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயில் கசிந்த அம்மோனியாவின் நெடி தூங்கிக்கொண்டிருந்த பெரியகுப்பத்து ஜனங்களைத் தெருவுக்கு விரட்டியது. ஒரு கோளாறின் செலவு மதிலுக்கு வெளியேயும் விழும் என்பது இந்தப் பகுதியில் வளர்ந்தவருக்குப் பாடப்புத்தகத்து விஷயம் அல்ல. அதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: "எங்கள் சிஸ்டம் தவறியதை எங்கள் திரை காட்டுவதற்கு முன்பே வெளியே இருப்பவர் அறிந்துகொண்டால், அதை நான் தோல்வியாகக் கணக்கிடுவேன்." பிறகு நீங்களே கேளுங்கள்: "உங்கள் கடைசிப் பெரிய கோளாறை முதலில் கண்டது யார்? உங்கள் டாஷ்போர்டா, வாடிக்கையாளரா?" அவர்கள் தரும் பதிலில் அந்த நிறுவனத்தின் நிலவரம் தெரிந்துவிடும்.

ஊரின் துயரத்தை அனுதாபத்துக்காக இழுக்க வேண்டாம். பழைய நிறுவனத்தின் உள்விஷயங்களையும் வெளியே விடாதீர்கள். எண்களைச் சொல்லலாம், ஆட்களின் பெயரைச் சொல்லக் கூடாது.

சின்னவை, ஆனால் சறுக்குபவை

'சார்': எதிரே 34 வயது பெண் உட்கார்ந்து உங்களை மதிப்பிடலாம். பெயர் சொல்லித்தான் பேச வேண்டும், "மேடம்" வேண்டாம். 19 ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. வீட்டில் யாரையாவது வைத்துப் பழகுங்கள்.

ஆங்கிலம்: நேர்காணல் ஆங்கிலத்தில்தான் நடக்கும். கதைகளை முதலில் தமிழில் எழுதி, பிறகு குட்டிக் குட்டி வாக்கியங்களாக மாற்றுங்கள். வடசென்னை உச்சரிப்பை மறைக்க முயன்றால் கவனம் அங்கே போய்விடும்.

தெரியாதது: "இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முதலில் இன்னாரிடம் போவேன்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

சம்பளம்: சி.டி.சி. என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நிரந்தரப் பகுதி எவ்வளவு, மாறும் பகுதி எவ்வளவு, பங்கு கைக்கு வர எத்தனை ஆண்டு என்று பிரித்துக் கேளுங்கள். கிராஜுவிட்டி, பி.எஃப்., நோட்டீஸ் பீரியட் கணக்கை ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

ஒரு வாரப் பயிற்சி

வெள்ளி: ஆறு கதைகளையும் தமிழில், ஒவ்வொன்றும் ஒரு பக்கம்.

சனி, ஞாயிறு: ஒரு செயலியை ஏற்றி, உடைத்து, பின்வாங்குங்கள்.

திங்கள்: கதைகளில் "நாங்கள்" வரும் இடமெல்லாம் வட்டம் போட்டு, எது உண்மையில் உங்கள் முடிவு என்று பாருங்கள்.

செவ்வாய்: மெர்ஸ்க் கேள்விக்கு நின்றுகொண்டு, போர்டில் எழுதி, பத்து நிமிடத்தில் பதில்.

புதன்: அலாரம் கதையை வீட்டில் தொழில்நுட்பம் தெரியாத ஒருவரிடம் தமிழில் சொல்லுங்கள். நம் ஆள் அப்பாவிடம் சொன்னார். வலை பிரித்துக்கொண்டே கேட்டவர், பேரிங் போன இடத்தில் கையை நிறுத்தினார்: "அப்புறம் யார் கையெழுத்து போட்டான்?" வியாழக்கிழமைக்கு அந்தக் கதை தயார்.